குளிர்காய வந்தவள்

வேலுச்சாமி தன் பழைய டிவிஎஸ் வண்டியில் இரண்டு மூட்டை கருவேலங்கரியையும் ஓர் இரும்பு வலையையும் கட்டிக்கொண்டு கம்பெனியின் பின்புறத் தரிசுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. சூடு இறங்கவில்லை. ஆவணி மாசம் என்று பேர்தான். தாயில்பட்டிக் கரிசல் பகல் முழுக்கக் குடித்த வெக்கையைப் பொழுது சாய்ந்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கும். செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்கால் பொறுக்காது.

முள்வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கிற சின்ன அறைகள், நடுவே வேப்ப மரங்கள். ஏழாம் நம்பர் அறை இருந்த இடத்தில் மட்டும் எதுவும் இல்லை. இடிபாட்டை அள்ளி, மண்ணைக் கொத்தி, மேலே செம்மண் பரப்பி அரளிக்கன்று நட்டிருந்தார்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது பூந்தோட்டம்.

வேலிக்குள்ளே தீப்பெட்டி கொண்டு போனால் அன்றைக்கே வேலை போய்விடும். அதனால்தான் விருந்தை வேலிக்கு வெளியே வைத்தார்கள். வேலுச்சாமி முதல் காரியமாகப் பம்புசெட்டுத் தொட்டியில் தலையோடு குளித்தான். சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறினான். கைலி மடிப்பைப் பிரித்து உதறினான். பட்டாசு வேலைக்காரன் எவனும் இதைச் செய்யாமல் அடுப்புக்கு முன்னால் உட்காரமாட்டான். கம்பெனி மூடிக்கிடந்த இந்த ஒன்றரை மாசத்தில் வெடிமருந்துத் தூள் அவன் உடம்பில் படவேயில்லை, என்றாலும் கை தானாக உதறியது.

லோடு ஏற்றுவது அவன் பிழைப்பு. கறி சுடுவது கைவந்த வேலை. சுற்றுவட்டாரத்தில் எங்கே கிடாவெட்டு என்றாலும், குழம்புக்கு யாரைக் கூப்பிட்டாலும் சுட்டகறிக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். நாளைக்குக் கம்பெனி திறக்கிறது. வடக்கேயிருந்து வியாபாரிகள் வந்திருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே கறியைச் சுட்டுச் சுடச்சுடத் தட்டில் வைக்க வேண்டும் என்று சின்ன முதலாளி ராஜபாண்டியன் ஆசைப்பட்டார்.

வேலுச்சாமி நீளவாக்கில் ஒரு குழி வெட்டி, இரண்டு ஓரமும் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது போர்மேன் மாரிக்கண்ணன் மசாலா தடவிய கறி அண்டாவை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏலே மச்சான், அடுப்பு வெட்டச் சொன்னா கெணறு வெட்டுறியே."

"ஒன் வாய்க்கு அளவெடுத்து வெட்டுறேன். கரெக்டா இருக்கும்."

"நான்தான் டிரம்மைப் பாதியா அறுத்து வச்சிருந்தேன்ல? அதுல சுட்டா சோலி முடிஞ்சிருக்கும்."

"அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாத மாதிரி பேசாத. மருந்து இருந்த டிரம்முல கறிய வச்சா, எது கறி, எது ஆளுன்னு தெரியாமப் போயிரும்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மாரிக்கண்ணன் அண்டாவின் மூடியைச் சரி செய்வது போல் குனிந்தான். குனிந்தபடியே கேட்டான்.

"காலைல பத்து மணிக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுலேருந்து விசாரணைக்கு ஆபீசர் வாராரு. ஒன் வீட்டுல தங்கச்சி ரெடிதான?"

"ம்."

"ஒரே வரி. 'அந்த ரூம்புலதான் வேலை பாத்தேன். தண்ணி குடிக்க வெளிய வந்தேன், வெடிச்சிருச்சு.' அம்புட்டுதான். கேட்டதுக்கு மேல ஒரு சொல்லு பேசக்கூடாது."

"சொல்லிருக்கேன்ல."

"நீ சொல்லுவே. அது பொம்பள மனசு. வீட்டுக்குப் போனதும் இன்னொரு வாட்டி சொல்லிக் குடு."

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் அவள் பேரில் இன்னொருத்தி வேலைக்கு வந்துவிடுவாள். லீவு விழுந்தால் போனஸில் கைவைத்துவிடுவார்கள் என்ற பயம். போர்மேனும் கண்டுகொள்ளமாட்டான். அறைக்கு ஆள் நிறைந்தால் அவனுக்குச் சரி. அன்றைக்கு வேலுச்சாமியின் பெண்டாட்டி முருகம்மாளுக்குக் காய்ச்சல். பக்கத்துக் குடித்தனத்துப் பாண்டிலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க படுங்க மதினி, நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லி, முருகம்மாளுக்குக் கட்டிவைத்த தூக்குவாளியையே எடுத்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினாள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஏழாம் நம்பர் அறை வெடித்தது.

பாண்டிலட்சுமியின் புருஷன் கேரளாவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பெற்றவர்கள் இல்லை. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவள். கம்பெனியில் அவள் பேரே கிடையாது. பேர் இல்லாத ஆளை மருந்து அறைக்குள் விட்டது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். அன்று சாயங்காலமே மாரிக்கண்ணன் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டான். அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் செத்தார்கள். ஐந்தாவது ஆள் முருகம்மாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் தப்பினாள். பாண்டிலட்சுமி திருப்பூர் மில்லுக்குப் போய்விட்டாள்.

ஊருக்கு உண்மை தெரியும். ஆனால் தீபாவளி நெருங்குகிறது, ஆர்டர் நிற்கிறது, முந்நூறு வீட்டில் உலை வைத்தாக வேண்டும். திருப்பூர் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. கொஞ்ச நாளில் சிலர் அதை நம்பவும் தொடங்கிவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் நாலு உடல்களையும் வாங்கப் போனவர்களோடு வேலுச்சாமியும் தூக்கிவரப் போயிருந்தான். நாலையும் கொடுத்த பிறகு சின்னதாக ஒரு வெள்ளைத் துணி மூட்டை மிஞ்சியது. பிணவறை ஆள் ஐஸ் பெட்டியின் இழுப்பறையைத் திறந்து அதை உள்ளே வைத்தான். "இந்த நாலு பேர்ல யாரோட மிச்சமோ. ஆபீசர் விசாரணை முடிஞ்சு எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்றான்.

யாருடையது என்று வேலுச்சாமிக்குத் தெரியும். அவன் வாய் திறக்கவில்லை.

பாண்டிலட்சுமி இன்னும் அங்கேதான் கிடக்கிறாள். நாளைக்கு முருகம்மாள் அந்த ஒரு வரியைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் அவளைத் தேடி அந்த இழுப்பறையைத் திறக்க உலகத்தில் ஓர் ஆள் இருக்காது.

இருட்டு விழுந்தது. ஜெனரேட்டர் போட்டு இரண்டு டியூப்லைட் எரியவிட்டார்கள். அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் சின்ன முதலாளியும் வியாபாரிகளும். இன்னொரு பக்கம், வெளிச்சம் எட்டாத இடத்தில், தரையில் கம்பெனி ஆட்கள். அவர்களுக்கும் இன்றைக்குக் கறிச்சோறு உண்டு.

வேலுச்சாமி தேங்காய் நாரில் நெருப்பு வைத்துக் கரியை மூட்டினான். கருவேலங்கரி சீக்கிரம் பிடிக்காது, பிடித்தால் விடாது. படபடவென்று இரண்டு தெறிப்பு தெறித்தது. உட்கார்ந்திருந்த கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் சட்டென்று எழுந்து, பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். கரி முழுக்கச் சிவந்ததும் வலையைப் போட்டு, அதன்மேல் நெஞ்செலும்புத் துண்டுகளை வரிசையாகப் பரப்பினான்.

கொழுத்த கறி. மிளகும் சீரகமும் பூண்டும் இடித்துத் தடவியது. நெருப்பில் பட்டதும் சொய்ங்கென்று சத்தம் வர வேண்டும்.

வரவில்லை.

விசிறினான். கரி இன்னும் சிவந்தது. துண்டுகளைத் திருப்பிப் போட்டான். அடிப்பக்கம் மேல்பக்கத்தைப் போலவே பச்சையாக இருந்தது. வலையின் கோடுகூட விழவில்லை. நேரம் போயிற்று. நாற்காலிப் பக்கமிருந்து, "என்ன வேலுச்சாமி, வாசனையே வரலையே?" என்று சின்ன முதலாளி தன்மையாகக் கேட்டார்.

"இந்தா ஆச்சுங்க மொதலாளி."

வாசனை வரத்தான் செய்தது. கறி வாசனை இல்லை. ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டுப் போன பிறகு நிற்குமே ஒரு பினாயில் வாசனை, அது.

வேலுச்சாமி துண்டுகளைக் குனிந்து பார்த்தான். கொழுப்பு உருகிச் சொட்டவில்லை. உறைந்துகொண்டிருந்தது. செக்கச் சிவந்த கனலுக்கு மேலே, ஆட்டுக் கொழுப்பு மெழுகு மாதிரி வெள்ளை வெளேரென்று இறுகி, கறியை வலையோடு ஒட்டிப் பிடித்தது.

புகையும் மேலே போகவில்லை. செங்கல் விளிம்பைத் தாண்டி வழிந்து, தண்ணீர் போலத் தரையில் பரவி, அவன் முழங்காலைத் தொட்டது.

சில்லென்று.

மாரிக்கண்ணன் வந்து குனிந்து பார்த்தான். "நனைஞ்ச கரிய ஒன் தலைல கட்டிட்டானாலே கடைக்காரன்?"

"கனல் எப்படிக் கெடக்குன்னு பாரு. நனைஞ்ச கரி இப்படி செவக்குமா?"

"அப்போ கெழட்டுக் கிடா. ஒன்ன மாதிரி வேகாத கட்ட." சிரித்துக்கொண்டே வலை மேல் கையை நீட்டினான். சிரிப்பு நின்றது. இன்னும் தாழ்த்தினான். கடைசியில் ஒரு கங்குத் துண்டையே விரலால் தொட்டான்.

கையை இழுத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தான். விரல் சுடவில்லை. கொப்புளம் இல்லை. நுனி நீலம் பாரித்து, நகத்தின்மேல் பொடிப் பொடியாக வெள்ளை பூத்திருந்தது.

"இது என்னலே?" என்றான். வேலுச்சாமியைப் பார்த்துக் கேட்கவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் போனவன், அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் வரவேயில்லை.

வேலுச்சாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது. முருகம்மாள்.

"ஏங்க, எப்ப வாரீக?"

"ஏன், என்ன?"

"அரிசி வேக மாட்டேங்குது. அடுப்பு நல்லாத்தான் எரியுது. ஒல கொதிக்கவே இல்ல. பானையத் தொட்டா பச்சத்தண்ணியா இருக்கு." அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது. "எனக்குத் திரும்பக் காய்ச்சல் வருதோ என்னமோ. நடுக்கமா இருக்கு. பக்கத்து வீட்டுல யாருங்க வந்திருக்கா? பூட்டித்தான கெடந்துச்சு? யாரோ கைய உரசிக்கிட்டே இருக்காக. சுவத்துல கேக்குது."

"போய்ப் பாக்காத."

"இல்லங்க, யாருன்னு..."

"போய்ப் பாக்காதன்னு சொல்லுறேன்ல!"

போன் தானாக அணைந்தது. உள்ளங்கையில் அது ஐஸ் கட்டி போல இருந்தது.

நிமிர்ந்தான்.

அடுப்புக்கு எதிர்ப்பக்கம் யாரோ குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனி ஆள் ஒருத்தி என்றுதான் முதலில் நினைத்தான். இரண்டு கையையும் கனலுக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தாள். மார்கழி விடியலில் குப்பையைக் கூட்டிக் கொளுத்திவிட்டுக் குளிர்காய்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. கனல் வெளிச்சம் அவள் முகத்தில் விழவில்லை. அவளைத் தொடும் முன்பே அணைந்து அணைந்து போனது.

"அண்ணே."

மிகச் சின்னக் குரல்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே. வெக்க எனக்கு வரமாட்டேங்குது."

கருகியிருப்பாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். கனவில் வந்தாலும் அப்படித்தான் வருவாள் என்று பயந்திருந்தான். அவள் கருகவில்லை. முகமெல்லாம் ஈரம். புருவத்திலும் கண்ணிமையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது, ஐஸ் வண்டிக்காரன் பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் படிந்திருக்குமே, அதைப் போல.

"பாண்டி..." என்றான்.

"அங்கன ரொம்பக் குளுருதுண்ணே. எம்புட்டு நாளாச்சு. ஒருத்தரும் வரலையே."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். நாற்காலிக்காரர்கள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் இருந்தவர்கள் பீடி இல்லாமல் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"நீங்க அன்னிக்கு வந்தீகள்ல. நாலு பேரையும் எடுத்துட்டுப் போகையில நான் கூப்பிட்டேனே. கேக்கலையாண்ணே?"

"கேக்கல தாயி," என்றான். அழுகை வந்தது. "சத்தியமா கேக்கல."

அவள் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கையை வலைக்குக் கீழே நீட்டிக் கங்குகளுக்குள் மணிக்கட்டுவரை புதைத்தாள். கங்குகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

"மதினிக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

வேலுச்சாமியால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

எழுந்து தடுமாறி நடந்து சின்ன முதலாளியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். கைலியை இறக்கிவிட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"மொதலாளி, நாளைக்கு நான் சொல்லிருறேன்."

"எதைச் சொல்லுறீக வேலுச்சாமி?"

"பாண்டிலட்சுமிதான் ரூம்புல இருந்துச்சு. எம் பொண்டாட்டி வீட்டுல கெடந்தா. ஆஸ்பத்திரில கெடக்கது அந்தப் புள்ளதான். ஆபீசர்ட்ட சொல்லி வாங்கிட்டு வந்து மண்ணுல வச்சிருறேன் மொதலாளி. அது குளுருல கெடக்கு."

அவன் சொல்லி முடித்த நொடியில் பின்னால் சொய்ங்கென்று சத்தம் எழுந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டச் சொட்டத் தீநாக்கு வலைக்கு மேலே எழும்பியது. மிளகும் பூண்டும் மணத்தன. துண்டுகள் பொன்னிறமாகச் சிவந்து ஓரம் முறுகின. அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வெறும் தரைதான் இருந்தது. வியாபாரிகளில் ஒருத்தர் கைதட்டினார். இதையும் ஏதோ வித்தை என்று நினைத்துவிட்டார் போல.

ராஜபாண்டியன் எழுந்து வந்து வேலுச்சாமியின் தோளில் கை போட்டு, இருட்டுப் பக்கமாக நடத்திக் கூட்டிப்போனார். அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. "உங்க மனசு எனக்குத் தெரியும்" என்றார். "எனக்கும் தூக்கம் இல்லைங்க. நீங்க சொல்லுங்க, நான் தடுக்கலை. ஆனா இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க." தரையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கைகாட்டிவிட்டு, நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவர்களுக்குள் விஷயம் அதற்குள் பரவியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சுடலை மட்டும் எழுந்து வந்தான். ஏழாம் நம்பர் அறையில் செத்த நாலு பேரில் ஒருத்தி அவன் பெண்டாட்டி. துக்கத்துக்கு எடுத்த மொட்டையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை.

"மாமா," என்றான் மெதுவாக. "பாண்டி அக்கா எனக்கும் சோறு போட்ட மனுஷிதான். இல்லேங்கல."

"அது குளுருதுன்னு சொல்லுதுடா சுடலை. இப்ப. இங்கன உக்காந்து சொன்னுச்சு."

சுடலை அடுப்பைப் பார்த்தான். நம்பாதவன் பார்க்கிற மாதிரிப் பார்க்கவில்லை.

"சொல்லும் மாமா. எவ சொல்ல மாட்டா? எம் பொண்டாட்டியும்தான் வந்து, எரியுது எரியுதுங்கா. நான் என்ன செய்ய? ரெண்டு பிள்ளைகளுக்கு இட்லிக் கடையில கடன் சொல்லி வாங்கிக் குடுக்கேன். நாளைக்குக் கம்பெனி கேட்டத் தொறக்கலேன்னா அதுவும் கெடையாது. செத்தவகள பொறவு பாத்துக்கலாம் மாமா. சீசன் முடியட்டும். தீவாளி கழிச்சு நானே ஒங்ககூட வாரேன், ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம். இப்ப வேண்டாம்."

அவனுக்குப் பின்னால் தரையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிந்த தலைகளை வேலுச்சாமி ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் தெரிந்த தலைகள். எல்லாம் பாண்டிலட்சுமியைத் தெரிந்த தலைகள்.

"தீவாளி கழிச்சு," என்றான் கடைசியில்.

"தீவாளி கழிச்சு மாமா."

கறி வெந்திருந்தது. தட்டில் எடுத்து வைத்துக் கொடுத்தான். சின்ன முதலாளி முதல் துண்டைக் கடித்துவிட்டு, "அடடா, பஞ்சு மாதிரி இருக்கே!" என்றார். கம்பெனி ஆட்களும் சாப்பிட்டார்கள், எலும்பை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார்கள். வேலுச்சாமி சாப்பிடவில்லை. கங்குகளின்மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி வரவில்லை.

அவன் வீட்டுக்குப் போனபோது முருகம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடு பூட்டியபடியே இருந்தது. பூட்டைத் தொட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

காலையில் அவள் எப்போதும் போலத்தான் எழுந்தாள். வேனில் வரும்போது அந்த ஒரு வரியை உதட்டுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஆபீசர் கம்பெனி முன்வாசல் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். முருகம்மாளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். வேலைக்கு வந்திருந்த பெண்கள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. ஆபீசரின் கழுத்தில் வேர்வை ஓடியது.

"பயப்படாதீங்கம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பேர் என்ன?"

முருகம்மாள் அவரைப் பார்த்தாள்.

"பாண்டிலட்சுமி."

கேட்டுக்கு முன்னால் இருந்த சலசலப்பு அப்படியே நின்றது.

ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார். "இதுல முருகம்மாள்னு இருக்கே?"

"பதட்டத்துல ஒளறுது சார்," என்று மாரிக்கண்ணன் முன்னால் வந்தான். விரலில் துணி சுற்றியிருந்தான். "அன்னியிலேருந்தே இப்படித்தான்."

"நீங்க இருங்க." ஆபீசர் வேலுச்சாமி பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"வீட்டுக்காரன் சார்."

"அப்போ நீங்களே சொல்லுங்க. இந்தம்மா பேர் என்ன?"

வேலுச்சாமி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கண்ணிமை ஈரமாக இருந்தது. அவள் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கேட் தெரிந்தது. கேட்டுக்கு முன்னால் சுடலை தெரிந்தான், வரிசை தெரிந்தது, அத்தனை பேர் கண்ணும் தன் வாயில் நிற்பது தெரிந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது.

"முருகம்மாள் சார்."

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ ஒருத்தர் வீட்டு வாசலில் ஏதோ கேட்டு இல்லையென்று தெரிந்துகொண்டவளைப் போலத் தலையாட்டினாள்.

"சரிங்கண்ணே," என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லோடு வெள்ளையாக ஆவி வந்தது.

ஆபீசர் கேட்டதும் அந்த ஒரு வரியைச் சொன்னாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுந்து போய் வரிசையில் நின்றாள். மாரிக்கண்ணன் கேட்டைத் திறந்தான். வரிசை உள்ளே நகர்ந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக, ஒருத்தருக்கொருத்தர் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், அந்தப் பத்து மணி வெயிலில் முந்தானையை இழுத்துத் தோளை மூடிப் போர்த்திக்கொண்டார்கள்.